டாக்டர் வகீலும் சர்ப்பகந்தி வேரும்

வகீல் என்பது அவருடைய குடும்பப் பெயர், தொழிலன்று. கோர்ட்டில் கறுப்பு அங்கி தரித்து நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர் ஒருவர் என்று உரிமை கொண்டாடத் தோன்றும். அவர் வைத்தியர். ஆயினும் உலகத்தார் முன்னிலையில் அவர் நடத்தி வென்ற பெரிய வழக்கு ஒன்று உண்டு. அவ்வழக்கில் அவருடைய கட்சிக்காரர் மனிதரல்லர். நமது தேசத்துக் காடுகளில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சிறு செடியின் வேர். எதிர்க்கட்சி, இரத்தக் கொதிப்பு என்று நாம் வழங்கும் உயர் இரத்த அழுத்தம். டாக்டர் ருஸ்தம் ஜால் வகீலின் சரித்திரத்தை இன்று நமது வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அரசியல் தலைவர்களின் வாழ்க்கையையே படித்துப் பழகிய நேயர்களுக்கு ஒரு வைத்தியரின் வாழ்க்கை சுவைக்குமோ என்ற சந்தேகம் வேண்டாம். இதில் மகாத்மாவும் வருவார். ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியும் வருவார். நமது ஜவ்வாது மலைவாசிகளும் வருவார்கள்.

1911-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் வகீல் பிறந்தார். லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பயின்று உயர்ந்த பட்டங்கள் பெற்றார். இரண்டாவது மகா யுத்தம் மூளுவதற்குச் சற்று முந்திய காலத்தில் தாய்நாடு திரும்பி, பம்பாய் பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். அந்த ஆஸ்பத்திரி எட்வர்டு மன்னரின் பெயரைத் தாங்கியிருப்பதைக் கண்டு அதை அந்நிய ஆட்சியின் ஸ்தாபனம் என்று எண்ணிவிடக் கூடாது. அதனுடன் இணைந்த சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் வைத்தியக் கல்லூரி 1926-ல் தோன்றியபோதே, அதில் போதிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் இந்தியர்களாகவே இருக்கவேண்டும் என்பது தருமம் செய்தவர்களின் நிபந்தனை. வெள்ளைக்கார ஐ.எம்.எஸ். உத்தியோகஸ்தர்களே வைத்தியக் கல்லூரிகளில் உயர் பீடங்களை வகித்து வந்த காலம் அது. இந்தியனால் வைத்தியம் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடையாக எழுந்த கட்டடத்தில்தான், இந்திய வேரால் நோய் தணியுமா என்ற கேள்விக்கும் பின்னர் விடை கிடைத்தது.

வகீல் வைத்தியம் தொடங்கிய நாளில் இரத்தக் கொதிப்புக்கு மருந்தில்லை என்றே சொல்லவேண்டும். கையில் துணிப்பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயருகிறது என்று அளக்கும் கருவி அப்போதே வழக்கத்திற்கு வந்துவிட்டது. இருதயம் சுருங்கும்போது உள்ள அளவு ஒன்று. விரியும்போது உள்ள அளவு மற்றொன்று. அளக்கத் தெரிந்தது, குறைக்கத்தான் தெரியவில்லை. இன்னும் விசித்திரம் என்னவென்றால், குறைப்பதே தவறு என்று எண்ணிய பெரிய வைத்தியர்களும் இருந்தார்கள். நாடிக் குழாய்கள் தடித்துப்போன உடம்பில் இரத்தத்தைத் தள்ளுவதற்கு அந்த உயர்ந்த அழுத்தம் அவசியமே என்பது அவர்களுடைய கட்சி. ஓய்வு, உப்பில்லாத உணவு, தூக்க மருந்து ஆகிய மூன்றுமே சிகிச்சை. முற்றிய நோயாளிகளுக்கு முதுகுத் தண்டின் இருபுறமும் ஓடும் நரம்புகளை அறுத்தெறியும் ரண சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் கெம்ப்னர் என்ற வைத்தியர் 1940-களில் உப்பில்லாத வெறுஞ்சோற்றையும் பழங்களையுமே உணவாகக் கொடுத்துச் சிலரைக் குணப்படுத்தினார். தமிழர்கள் சோற்றைத் தின்று கெட்டுப்போகிறார்கள் என்று இக்காலத்தில் உபதேசம் செய்பவர்கள் இதையும் சேர்த்து அறிந்துகொள்ளலாம். ஆனால் நமது ஊறுகாயும் அப்பளமும் கெம்ப்னருடைய இலையில் இடம் பெறவில்லை.

ரூஸ்வெல்ட் இறந்த கதை அக்கால வைத்தியத்தின் கையாலாகாத நிலையை நன்கு காட்டும். 1942-ல் தம்முடைய தூதராக லூயி ஜான்ஸனை டில்லிக்கு அனுப்பி, இந்திய விஷயத்தில் சர்ச்சிலை நெருக்கிய அந்த ஜனாதிபதிக்கு, 1944-ம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் ஹோவர்டு புரூயென் என்ற இருதய நிபுணர் பரிசோதனை செய்தபோது அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. இருதயம் பருத்துத் தளர்ந்திருந்தது. அதற்கு முன் அவரைக் கவனித்து வந்த சொந்த வைத்தியர் காது, மூக்கு, தொண்டை சிகிச்சையில் பயின்றவர். ஜனாதிபதி வயதுக்கு ஏற்ற ஆரோக்கியத்துடன் இருக்கிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். 1945-ம் வருஷம் ஏப்ரல் 12-ம் தேதி வார்ம் ஸ்பிரிங்ஸில் சித்திரக்காரர் ஒருவர் தம் உருவத்தைத் தீட்டுவதற்காக அமர்ந்திருந்த ரூஸ்வெல்ட், பிடரியில் பொறுக்க முடியாத வலி என்று கூறிச் சாய்ந்தார். அப்போது எடுத்த அளவு 300-க்கு 190. மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. பூமியிலேயே அதிக அதிகாரம் படைத்த மனிதனுக்கு அன்று செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வயது 63.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. மகாத்மாவின் உடல்நிலைக் குறிப்புகளை இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2019-ல் வெளியிட்டது. அதன்படி 1937-ம் வருஷம் அக்டோபர் 26-ம் தேதி அவருடைய அழுத்தம் 194-க்கு 130. 1940-ம் வருஷம் பிப்ரவரி 19-ம் தேதி 220-க்கு 110. இந்த எண்களைப் படிக்கும் இன்றைய வைத்தியன் திடுக்கிடுவான். மகாத்மா உப்பைக் குறைத்தார், மௌனம் அனுஷ்டித்தார், தலையில் மண்பற்று இட்டுக்கொண்டார். பிற்காலத்தில் சர்ப்பகந்தியையும் சொட்டுக் கணக்கில் அருந்தினார். ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத ஒரு பொருள் சேவாக்கிராமத்துக் கிழவருக்குக் கிடைத்தது என்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று. அது ரூஸ்வெல்ட்டுக்கும் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் வாதிக்க முன்வரவில்லை. அவ்வளவு முற்றிய நோய்க்கு அந்த வேர் தனித்துப் போதியிராது.

சர்ப்பகந்தி ஒன்றிரண்டு அடி உயரத்திற்கு மேல் வளராத குற்றுச்செடி. வெண்மையான பூ; சிவந்த காம்பு; பழுத்தால் கறுக்கும் காய். வேரில்தான் சத்து. பாம்புக் கடிக்கும், சித்தப் பிரமைக்கும் அதை நமது வைத்தியர்கள் வெகு காலமாக உபயோகித்து வந்தார்கள். பிஹாரில் அதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர். ஐரோப்பியச் செடிநூலார், பதினாறாம் நூற்றாண்டில் கீழ்த்திசை நாடுகளில் சுற்றிய ரௌவோல்ப் என்ற ஜெர்மன் வைத்தியருடைய பெயரை அதன் இனத்திற்குச் சூட்டினார்கள்.

1931-ம் வருஷம் இவ்வேருக்கு முக்கியமானது. கல்கத்தாவில் கவிராஜ் கணநாத சேனரும் டாக்டர் கார்த்திக் சந்திர போஸும் சேர்ந்து, சித்தப் பிரமையுடன் இரத்தக் கொதிப்பையும் இந்த வேர் தணிக்கிறது என்று எழுதினார்கள். ஒருவர் ஆயுர்வேதி, மற்றவர் ஆங்கில வைத்தியர். இப்படி இரண்டு துறையாரும் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டது அக்காலத்தில் சாமானியமன்று. அதே வருஷத்தில் டில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் ஸித்திக்கி வேரின் சத்துக்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலீன் என்று பெயர் வைத்தார். 1921-ல் காங்கிரஸ் தலைமை வகித்த ஹக்கீம் அஜ்மல் கானை நமது நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்கல்லூரி அவர் கண்ட ஸ்தாபனம். பின்னர் கல்கத்தாவில் ராம்நாத் சோப்ராவும் அவருடைய சகாக்களும் 1933-ல் பிராணிகளிடத்தில் சோதித்து, அழுத்தம் இறங்குவதை நிரூபித்தார்கள். மாத்திரையாகவும் அது கடைக்கு வந்துவிட்டது. ஆனால் கடல் கடந்து ஒருவர் காதிலும் இச்செய்தி விழவில்லை.

இங்கேதான் வகீல் வருகிறார். பம்பாயில் நோயாளிகளுக்கு அவர் இவ்வேரைப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார். மருந்து பலிக்கிறது என்று கண்டவுடன் விளம்பரம் செய்யவில்லை. மனத்தின் தேறுதலாலேயே இரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதை அவர் அறிவார். டாக்டர் முகத்தைப் பார்த்தவுடனே பத்துப் புள்ளி ஏறுபவர்களும் உண்டு, இறங்குபவர்களும் உண்டு. ஆகையால் வேறு மருந்துகளை நிறுத்தி, சில காலம் சும்மா வைத்து, அடிப்படை அளவை நிச்சயித்துக்கொண்டு, அதன்பிறகு வேரைக் கொடுத்து, வாரந்தோறும் அளந்து குறித்தார். இவ்வாறு 50 நோயாளிகளிடம் கண்ட பலனை 1949-ம் வருஷம் பிரிட்டிஷ் இருதயப் பத்திரிகையில் பிரசுரித்தார். பெரும்பாலோருக்கு இரண்டு அளவுகளுமே இறங்கியிருந்தன. நாம் சுதந்திரம் அடைந்த இரண்டாவது வருஷத்தில் அக்கட்டுரை வெளியாயிற்று.

அதைப் பார்த்தபின் உலகம் விழித்துக்கொண்டது. பாஸ்டன் நகரத்தில் ராபர்ட் வில்கின்ஸ் இந்தியாவிலிருந்து வேரை வரவழைத்துச் சோதித்து, உண்மை என்று அறிவித்தார். ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்து ஸீபா கம்பெனியார் 1952-ல் வேரின் முக்கியச் சத்தைப் பிரித்து ரெஸர்பின் என்று பெயரிட்டார்கள். 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வகீலுக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அடுத்த வருஷம் நமது சர்க்கார் பத்மபூஷண் விருது கொடுத்தார்கள். இதிலும் வரிசையை நேயர்கள் கவனிக்க வேண்டும். அயலார் மாலையிட்ட பிறகே நமக்கும் பூக்கடை ஞாபகம் வருகிறது.

1931-ல் கல்கத்தாவில் சொல்லப்பட்டது 1949-ல் லண்டனில் அச்சானபோதுதான் உண்மையாயிற்று என்றால் இது அந்நியருடைய அகம்பாவம் அல்லவா என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். பாதி நியாயம் உண்டு. இந்தியப் பத்திரிகைகளைப் படிக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை. ஆனால் மற்றப் பாதியை நாம் மறைக்கக் கூடாது. முன்னோர் கண்டார்கள் என்பது வாக்குமூலம், சாட்சியமாகாது. எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேருக்குப் பலித்தது, எவருக்குப் பலிக்கவில்லை, என்ன தீங்கு நேர்ந்தது என்று கணக்கெழுதிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். வகீல் செய்தது அதுதான். சர்ப்பகந்தியின் பெருமையைப் பேசியவர்கள் அவருக்கு முன் பலர். அதன் கணக்கை ஒழுங்காகக் காட்டியவர் அவரே என்பது நமது அபிப்பிராயம்.

கீர்த்தி வேருக்கே கேடாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950-களில் மேனாட்டுக் கம்பெனிகள் டன் கணக்கில் கேட்டன. செடியை வேரோடு பிடுங்கினால்தான் வேர் கிடைக்கும். பிடுங்கிய இடத்தில் மறு செடி இல்லை. காடுகள் வெறுமையாயின. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. இன்று சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தில் கண்காணிப்புக்குரிய செடிகளின் ஜாபிதாவில் அது இருக்கிறது.

ரெஸர்பினுக்குக் குறைகளும் உண்டு. மூக்கடைப்பு, சோம்பல், அளவு மிஞ்சினால் மனச்சோர்வு. அதனால் நாளடைவில் வேறு மருந்துகள் அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் 1967-ல் அமெரிக்காவில் பழைய ராணுவத்தார் 143 பேரை இரு கூட்டமாகப் பிரித்துச் செய்த பிரசித்தமான ஆராய்ச்சியில், உயர்ந்த அழுத்தத்தை மருந்தால் குறைத்தால் உயிர் காக்கும் என்பது முதன்முதலாகச் சந்தேகமின்றி நிலைநாட்டப்பட்டது. மருந்தில்லாத கூட்டத்தில் பெரிய ஆபத்துகள் 27. மருந்துண்ட கூட்டத்தில் 2. அங்கே கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ரெஸர்பின். அழுத்தம் அவசியமானது, குறைக்கக் கூடாது என்ற பழைய கட்சி அன்றோடு தள்ளுபடியாயிற்று.

வகீல் ஒரு வெற்றியோடு உட்கார்ந்துவிட்டவரல்லர். மாரடைப்புக்கு முன்னோடியாக வரும் நெஞ்சுவலியைத் தனி நோய்நிலையாக 1960-களில் விவரித்தார். 1969-ல் இந்திய வைத்தியர் சங்கத்தார் முதன்முதலாக வெளியிட்ட பெரிய வைத்தியப் பாடநூலுக்கு அவரே பதிப்பாசிரியர். இங்கிலாந்துப் புஸ்தகங்களில் இந்திய நோய்களைத் தேடிக்கொண்டிருந்த நமது மாணவர்களுக்கு அது பெரிய உபகாரம். டாக்டர் உத்வாடியாவுடன் சேர்ந்து, உயிருக்கு ஆபத்தான அவசர நிலைகளைக் கண்டறிந்து சிகிச்சை செய்வதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். இரத்தக் கொதிப்பின் அவசர நிலையை வைத்தியன் மட்டுமல்ல, தேசத் தொண்டனும் அறிந்திருப்பது நலம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வோம்.

இரத்தக் கொதிப்பு சாதாரணமாக ஓசையில்லாத நோய். பல வருஷம் ஒரு குறியும் இராது. ஆனால் மேல் அளவு 180-க்கும், கீழ் அளவு 120-க்கும் மேற்பட்டு, அதனோடு மூளையோ, இருதயமோ, சிறுநீரகமோ, கண்ணோ அக்கணமே சேதமடையத் தொடங்கினால் அது அவசர நிலை. கடுமையான தலைவலியுடன் வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் வாய் கோணுதல், கை கால் விழுதல், புத்தி மயக்கம், வலிப்பு, திடீரென்று பார்வை மங்குதல், மார்பில் வலி, படுத்தால் மூச்சு முட்டுதல், முதுகைக் கிழிப்பது போன்ற வேதனை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கலாகாது. எண் மட்டும் உயர்ந்திருந்து, இக்குறிகளில் ஒன்றும் இல்லையென்றால் அது வேறு. அப்போது பதறவேண்டியதில்லை, சற்று நேரம் அமரச் செய்து மறுபடி அளந்து, விட்டுப்போன மாத்திரையை மீண்டும் தொடங்கி, ஓரிரு நாளில் வைத்தியரைப் பார்த்தால் போதும். மாத்திரையை நிறுத்திவிடுவதே இந்த ஆபத்துக்கு மிகவும் சாதாரணமான காரணம். உடம்பு நன்றாயிருக்கிறதே, இன்னும் எதற்கு மருந்து என்ற எண்ணம் படித்தவர்களையும் விட்டபாடில்லை.

சிகிச்சையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அழுத்தத்தை உடனே சமநிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது பாமரர் நினைப்பு. ஒரு காலத்தில் வைத்தியர் நினைப்பும் அதுவே. பல காலம் உயர்ந்த அழுத்தத்திற்குப் பழகிய மூளைக்கு, அது சடாரென்று விழுந்தால் இரத்தமே போய்ச் சேராது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தில் கால் பாகத்திற்கு மேல் குறைக்கலாகாது. பின் சில மணி நேரத்தில் 160-க்கு 100 அளவுக்கு இறக்கி, மீதியை ஓரிரு நாளில் மெதுவாக இறக்க வேண்டும் என்பது இன்றைய விதி. விதிவிலக்குகளும் உண்டு. பெருநாடி கிழிந்தவருக்கு வேகமாக இறக்க வேண்டும். மூளையில் இரத்தம் உறைந்து அடைத்தவருக்குப் பெரும்பாலும் உடனே கைவைக்கவே கூடாது. இதெல்லாம் வைத்தியர் நிச்சயிக்க வேண்டிய விஷயம். நிபெடிபின் என்ற மருந்துறையைக் குத்தி நாக்கின் அடியில் விடும் வழக்கம் ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்தது. அழுத்தம் கட்டுக்கடங்காமல் விழுந்து, மாரடைப்பும் பக்கவாதமும் நேர்ந்ததைக் கண்டு, அதை நிறுத்த வேண்டும் என்று 1996-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் வற்புறுத்தினார்கள். 1950-களில் இதே அவசர நிலைக்கு ரெஸர்பினை ஊசியாகப் போட்டார்கள். அது வேலை செய்ய மணிக் கணக்காகும். நோயாளியைத் தூக்கத்தில் ஆழ்த்திவிடுவதால் மூளை தேறுகிறதா கெடுகிறதா என்றும் தெரியாது. இன்று லாபெட்டலால், நிகார்டிபின், நைட்ரோப்ருஸைடு முதலியவற்றை நாளத்தின் வழியே துளித் துளியாகச் செலுத்தி, அளந்துகொண்டே இறக்குகிறார்கள். நைட்ரோப்ருஸைடுக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது 1974-ல். அந்த வருஷம் நவம்பர் மாதத்தில்தான் வகீல் காலமானார்.

இனி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் அம்மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் சாமை பயிரிட்டும் தேன் எடுத்தும் வாழ்கிறார்கள். பட்டணத்தாரின் நோய் மலைக்கு ஏறாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பழங்குடி மக்களிடையேயும் இரத்தக் கொதிப்பு அரிதன்று என்று நாட்டின் பல பாகங்களில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. மலைவாசிக்குள்ள தனிக் கஷ்டம் தூரம். சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளிலிருந்து ஜமுனாமரத்தூர் வந்து, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரியை அடைவதற்குள், மேலே சொன்ன முதல் மணி நேரம் கழிந்துவிடும். கர்ப்பிணிகளின் விஷயம் இன்னும் கொடியது. அவர்களுக்கு 160-க்கு 110 அளவே அவசர நிலை. வலிப்பு வந்தால் தாயும் சேயும் போகக்கூடும். இதைப் பேய் பிடித்ததாக எண்ணி வேப்பிலை அடித்துக்கொண்டிருந்த காலம் ஒன்றிருந்தது. மக்னீஷியம் ஸல்பேட் என்ற மலிவான உப்பை ஊசியாகப் போட்டால் அந்த வலிப்பு நிற்கும்.

இதே மலையில் காவலூரில் 93 அங்குலத் தூரதர்சினிக் கண்ணாடி 1986 முதல் நக்ஷத்திரங்களை அளந்து வருகிறது. அதைப் பற்றி நமக்குப் பெருமையே. அம்மலையின் ஒவ்வொரு குடியிருப்பிலும் முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருடைய கையையும் துணிப்பட்டை சுற்றி அளப்பதும் நடக்க வேண்டும். தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதை நாம் வரவேற்கிறோம். மலைப் பிரதேசங்களில் ஒரு மாதமும் தவறாமல் அது நடைபெற வேண்டும். அளவு கருவிகளை ஆறு மாதத்திற்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பாதை அடைபடுமுன் இரண்டு மாத மாத்திரையை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். மலையடிவாரத்து ஆஸ்பத்திரிகளில் நாளத்தின் வழி செலுத்தும் மருந்துகளும், மக்னீஷியம் ஸல்பேட்டும் இரவிலும் கிடைக்க வேண்டும். அந்தப் பிரதேசங்களில் வேலை செய்யும் நமது தொண்டர்கள் கையிலும் ஓர் அளவு கருவியைக் கொடுத்து, அதை உபயோகிக்கப் பயிற்றுவிப்பதற்குச் சுகாதார இலாகாவார் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். வாய் கோணிய நோயாளியைக் கண்டால் 108-க்குச் சொல்லிவிட்டு, மணி என்ன என்று ஒரு காகிதத்தில் எழுதி அவர் சட்டையில் குத்தி அனுப்புவதே தொண்டன் செய்யக்கூடிய முதல் சிகிச்சை. கீழே காத்திருக்கும் வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.